பாலத்தடிப் பாடு

இடுப்பில் ஆரம்பித்த வலி வலது கால் பெருவிரல் வரைக்கும் கம்பி மாதிரி இறங்கியிருந்தது. பிரேக்கை மிதிக்கிற கால் அது. காலையிலிருந்து எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்சை ஓட்டி, மிதித்து மிதித்து, மதியத்துக்கு மேல் அது என் கால் மாதிரியே இல்லை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஷைனி பிரித்து வைத்த எலுமிச்சம் சோற்றில் கை வைக்கப்போனேன். போன் அடித்தது.

"துன்ன உடமாட்டாங்களே" என்றேன்.

"நான் ரெண்டு வாய் தின்னாச்சு அண்ணே. உங்களுக்குத்தான் யோகமில்ல" என்றாள் ஷைனி. வண்டியின் பின்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். வடசென்னைக்கு வந்து வருசம் திரும்பவில்லை. இங்கே பேசுகிறதில் பாதி மனசிலாவல என்பாள்.

போனில் நர்மதா. ஊரின் அந்தக் கோடியில், ஏசி அறையில் காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அவசரத்துக்கு யார் கூப்பிட்டாலும் அங்கேதான் போகும். இந்தப் பக்கத்திலிருந்து வருகிற போன்களை அங்கே வேறு யாரும் விரும்பி எடுப்பதில்லை. கதவு எண் கேட்டால் நம் ஆள் "மாட்டுத்தொட்டி பின்னாடி சந்து" என்பான். அருகில் என்ன அடையாளம் என்றால் இடித்துப் பல வருசமான தியேட்டரைச் சொல்வான். அதனால் வடக்கே என்று தெரிந்தாலே போனை நர்மதா பக்கம் தள்ளிவிடுவார்கள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"வால்டர்ணா, முகத்துவாரக்குப்பம். ஆள் சேத்துல மாட்டிக்கினு கீறாரு. அவர் சம்சாரம் லைன்ல கீறாங்க. பேரு அம்மு. வண்டிய எடுத்துகினே கேளுங்க."

சோற்றை மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஷைனி போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் மாட்டினாள்.

"இப்ப சொல்லும்மா அம்மு. பதறாத. உன் வூட்டுக்காரர் இன்னா சொன்னாரு?"

"போன் பண்ணாருக்கா" என்றது அந்தக் குரல். ஓடிக்கொண்டே பேசுகிற மாதிரி இரைத்தது. "அம்மு, கால் மாட்டிக்கிச்சு, இடுப்பு வரைக்கும் போயிடுச்சு, ஆளுங்கள இட்டுகினு வான்னாரு. அப்பால கொழகொழன்னு சத்தம். அப்பால ஒண்ணும் கேக்கல. திருப்பிப் போட்டா போன் எடுக்கல."

"எங்க கீறாரு?"

"பாட்டுல." மீன் பிடிக்கிற இடத்தைச் சொல்கிறாள் என்று யூகித்தேன்.

"இன்னிக்கு அவருக்கு எந்தப் பாடு?"

"பாலத்தடி. காலைல எங்கிட்ட சொல்லிட்டுதான் போனாரு."

ஷைனி அதற்குள் தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டாள். "அண்ணே, பாலம்னு போட்டா அந்தப் பக்கம் நாலு காட்டுது. ரயில் பாலம், ரோட்டுப் பாலம்... எதுக்கு அடியில?"

"ஷைனி, அத்த மூடி வை" என்றாள் நர்மதா. "அதுல நீ தேடறது கெடைக்காது. அங்க பாலமே கெடையாது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தண்ணி அடிச்சிகினு போயிடுச்சி. கல்லுத் தூணுங்க மட்டும் ஆத்துல நிக்கும். அந்த எடத்துக்குப் பேருதான் பாலத்தடி. மேப்பப் பார்த்துப் போனீங்கன்னா ரோட்டுப் பாலத்துக்கு மேல நின்னுகினு அந்தாண்ட கரையப் பார்த்துகினு இருப்பீங்க. குப்பத்துக்குள்ள போங்க. கோயிலத் தாண்டினா வல காயப்போடற மைதானம். அங்க நிறுத்துங்க. அதுக்கு மேல போனா வண்டி புதைஞ்சிடும்."

"தீயணைப்பு?"

"சொல்லிட்டேன். மணலி பக்கம் வேற வேலையா போயிருக்காங்க. வர்றாங்க. ஆனா வால்டர்ணா, இன்னிக்கு அமாவாச. இந்நேரத்துக்கு வத்தி இருக்கும். இனிமே கடல் தண்ணி உள்ள ஏறும். மத்த நாள் மாதிரி இல்ல, ரொம்ப ஏறும்."

சைரனைப் போட்டேன். லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் கீழே இறங்கி டயர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் எங்கள் சைரனைக் கேட்டுக் கையை விரித்துக் காட்டினான், எங்கே ஒதுங்கச் சொல்கிறாய் என்று. இரண்டு சக்கரத்தை மண்ணில் இறக்கி ஏற்றி ஓட்டினேன். தூரத்தில் அனல் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள் தெரிந்தன. வெயில் இருந்தும் வானம் அலுமினியச் சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

குப்பத்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் ஒருத்தரும் இல்லை. நாய்கள்கூட மைதானத்துப் பக்கம்தான் நின்றன. ஆற்றங்கரை முழுக்கச் சனம். சத்தம்தான் இல்லை. இத்தனை பேர் கூடி இவ்வளவு அமைதியாக நின்றால் என்ன அர்த்தமென்று என் வேலையில் இருப்பவனுக்குத் தெரியும்.

அம்மு எங்கள் வண்டியைப் பார்த்து ஓடிவந்தாள். சின்ன வயசு. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். "ணா, அவங்க கொக்கி போட்டுத் தேடறாங்கணா. செத்தவனத் தேடற மாதிரி தேடறாங்க. வேணாம்னு சொல்லுங்கணா."

பார்த்தேன். ஆற்றில் கறுப்பாக மூன்று கல் தூண்கள் நின்றன. அவற்றைச் சுற்றி ஒரு பைபர் படகு வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதில் நின்றவர்கள் நீளக் கொக்கிக் கழியால் தண்ணீருக்கு அடியில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். நாலைந்து பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்கள். எழுந்தார்கள், தலையை ஆட்டினார்கள், மறுபடி முங்கினார்கள்.

கரையில் விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆள் நின்றார். ஆறுமுகநயினார். குப்பத்துத் தலைவர். "ஆம்புலன்ஸா? நில்லு. எடுத்ததும் குடுக்கறோம்" என்றார், ஏதோ பார்சல் மாதிரி.

"உசிரோட இருக்காருன்னு வெச்சிதான் நாங்க வந்திருக்கோம் நைனா."

"நாங்க மட்டும் செத்தான்னா சொன்னோம்? இவ புருசன் வெற்றிக்கு இன்னிக்குப் பாலத்தடிப் பாடு. பாலத்தடில ஆளும் இல்ல, வலையும் இல்ல. பின்ன எங்க போவான்? தண்ணிக்கு அடிலதான் கீறான்."

அவர் பக்கத்தில் நின்ற ஒருவன் மட்டும் கொஞ்சம் தனியாகத் தெரிந்தான். எல்லாரும் நனைந்த அரைக்கால் சட்டையில் நிற்க, அவன் குளித்துத் தலைவாரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆனாலும் போட்டுக்காரர்களுக்கு அவன்தான் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். "நடுத் தூணுக்கு அந்தாண்ட பாரு. இன்னும் அந்தாண்ட." அப்புறம் ஷைனியிடம் வந்தான். "ஏம்மா, இவ்ளோ நேரம் ஆனா உசிரு இருக்குமா?"

"எவ்வளவு நேரமா தண்ணிக்குள்ள இருக்காருன்னு தெரியணுமே" என்றாள் அவள்.

"இல்ல, தண்ணிக்குள்ள இல்லாம... சும்மா சேத்துல இருந்தா?"

"இருக்கலாம்."

"எத்திராஜ், நீ போ மாமு, வூட்ல வெளக்கேத்தற நாள்ல இங்க வந்து நின்னுகினு" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் அவன் மகளுக்கு வளைகாப்பாம். எத்திராஜ் போகவில்லை. தூண்களைப் பார்க்கிற சாக்கில் அடிக்கடி கழுத்தைத் திருப்பி மேற்கே பார்த்தான். மேற்கே பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிறக் கரை, அதற்கு அப்பால் மின்கம்பிக் கோபுரங்கள்.

நான் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தேன். நர்மதா லைனிலேயே இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், வண்டி போய்ச் சேர்ந்துவிட்டதே, போனை வைத்துவிட்டு அடுத்ததை எடு என்று சொல்வது கேட்டது. "ஒரு நிமிசம் சார்" என்றாள்.

நான் பார்த்ததைச் சொன்னேன்.

அம்மு சொன்னதை அவள் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "வால்டர்ணா, யாரையாவது கேளுங்க, பாலத்தடில தரை இப்ப எப்பிடி கீதுன்னு."

பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "மணலும் கல்லும்" என்றார். "ஏறாவுக்கு அதான் வாகு. கால் கணுக்காலுக்கு மேல எறங்காது." இறாலைத்தான் ஏறா என்கிறார்.

நர்மதா கேட்டுவிட்டாள். "இடுப்பு வரைக்கும் போயிடுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. பாலத்தடில இடுப்பு வரைக்கும் போறதுக்குச் சேறே கெடையாது. நாந்தான் தப்பு பண்ணிட்டேன். பாலத்தடின்ன ஒடனே எடம் தெரியும்னு ஒரே கெத்து. அவரு அங்க இல்லணா."

"பின்ன எங்க?"

"சாம்பல் சேறு எங்க கீதோ அங்க. ஆத்துல அப்பிடி ரெண்டு எடம். சாம்பல் குழாய் ஒடஞ்சி ஊத்தற குழாயடி ஒண்ணு, மேற்க. இன்னொண்ணு வடக்க, துறைமுகத்து மதில் ஓரம். ரெண்டும் வேற வேற பக்கம். போட்டு ஒண்ணுதான் கீதுன்னு சொல்றீங்க. தப்பான பக்கம் போயிட்டு வர்றதுக்குள்ள தண்ணி ஏறிடும்."

"வெற்றி ஏன் தன் எடத்த உட்டுட்டு அங்க போவணும்?"

அப்போதுதான் அவள் எனக்குப் பாடு என்றால் என்னவென்று சொன்னாள், வேகமாக, மூச்சு விடாமல். ஆறு எல்லாருக்கும் பொது. ஆனால் நல்ல இடமும் மோசமான இடமும் உண்டு. அதனால் வீட்டுக்கு வீடு முறை. இன்றைக்கு உனக்குப் பாலத்தடி, எனக்குக் குழாயடி. அடுத்த முறை மாறும். அவனவன் முறைநாள்தான் அவனவன் பாடு. அடுத்தவன் பாட்டில் கால் வைக்கக் கூடாது. தன் பாட்டை இன்னொருத்தனோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒரு காலத்தில் வசதியானவன் எல்லாம் இல்லாதவனிடமிருந்து நல்ல பாடுகளை வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொண்டான்; அதிலிருந்து அந்தக் கட்டு. மாற்றியது தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் அந்த வருசம் முழுக்கப் பாடு கிடையாது.

"ஆனா மாத்துவாங்க" என்றாள். "எங்கப்பாவே மாத்தியிருக்காரு. ஒருத்தருக்கும் தெரியாம, விடிகாலைல. பொண்டாட்டிகிட்டகூட சொல்ல மாட்டாங்க, அவ திட்டுவாளேன்னு. அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கு வெற்றி எங்க கீறாருன்னு தெரியும்ணா. தெரிஞ்சிகினே நின்னுகினு கீறான்."

கரையைப் பார்த்தேன். எல்லா முகமும் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மைக்ல கேக்கற மாதிரி கேட்டா எவனும் சொல்ல மாட்டான்" என்றாள் நர்மதா. "ஆம்பளைங்க ஒவ்வொருத்தன் காதுலயும் போனக் குடுங்க. எல்லாருக்கும் குடுங்க, ஒருத்தன உடாதீங்க. தலைவருக்கும்."

ஆறுமுகநயினாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாது, போன்ல பரிட்ச வைக்கிறியா? ஆஸ்பத்திரி வண்டிய ஓட்டிகினு வந்தியா, அதோட நில்லு. அந்தாண்ட எவளோ குந்திகினு எங்க ஆத்தப் பத்திப் பேசறா."

"எவளோ இல்ல நைனா. உங்க குப்பத்துப் பொண்ணுதான். தேசப்பன் மக நர்மதா."

"தேசப்பன் பொண்ணா? கொடுங்கையூர்ல குடுத்தாங்களே, அதுவா?" அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். கேட்டார். முகம் இறுகியது. "இல்ல" என்று மட்டும் சொல்லி, பக்கத்து ஆளிடம் நீட்டினார். அவன் கேட்டு, "இல்லக்கா" என்று அடுத்தவனிடம் கொடுத்தான்.

அப்படியே போன் கை மாறியது. ஈரக் கை, மீன் செதில் ஒட்டிய கை, வலை நூல் அறுத்த கை. நான் கூடவே நடந்தேன். காதுக்கு வெளியே கசிந்த வார்த்தைகள் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தன. "நான் தேசப்பன் பொண்ணு. வெற்றி உயிரோட கீறான். உன் பேரு என் வாயிலருந்து எப்பவும் வராது. எடத்த மட்டும் சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு." இல்ல. இல்லம்மா. தெரியாது தங்கச்சி. இல்ல.

தூண்களின் அடியில் பாசிக்கோடு ஒன்று இருந்தது. நாங்கள் வந்தபோது அது நன்றாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

போன் எத்திராஜிடம் போனது. அவன் அதை வெள்ளைச் சட்டையில் துடைத்துவிட்டுக் காதில் வைத்தான். கேட்டான். மற்றவர்கள் கேட்ட அளவு முடிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அவன் உதடு அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. பிறகு அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்து, கால் செருப்பைக் கழற்றி உதறினான், கல் புகுந்த மாதிரி.

எனக்கு அப்போதே கையை நீட்டிக் கத்தவேண்டும் போல இருந்தது. நர்மதா விடவில்லை. மீதிப் பேர்கள் கேட்டு முடியும்வரைக்கும் அதே வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு எழுத்து மாற்றாமல். கடைசி ஆள் "இல்ல" என்று என்னிடம் கொடுத்ததும், "குழாயடி" என்றாள். "பலக, கதவு, ஐஸ் பொட்டி மூடி, எது கீதோ எடுத்துகினு போகச் சொல்லுங்க. சேத்துல எவனும் நேரா கால் வைக்கக் கூடாது. யாரு சொன்னதுன்னு கேக்காதீங்கணா. சத்தியம் பண்ணிட்டேன்."

நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"குழாயடியா?" என்றார் ஆறுமுகநயினார். "அது இன்னிக்கு எத்திராஜ் பாடாச்சே." அவர் எத்திராஜைப் பார்த்தார். "ஏன்டா, உன் பாட்டுல அவன் இன்னா பண்றான்?"

"எனக்கின்னா தெரியும் நைனா" என்றான் எத்திராஜ். "நான் இன்னிக்குப் போவவே இல்ல. வூட்ல விசேஷம்னு நின்னுட்டேன்."

"அப்ப தெரிஞ்சிகினுதான் பூந்துக்கிறான்" என்றது ஒரு குரல். "சேத்து நண்டுக்குப் போயிருப்பான். இவன் வரமாட்டான்னு."

அந்த வார்த்தை விழுந்த இடத்திலேயே வேர் விட்டதை நான் பார்த்தேன். ஆனால் அப்போது யாருக்கும் நின்று பேச நேரமில்லை. இரண்டு வீட்டுக் கதவுகளைக் கழற்றினார்கள். போட்டு திரும்பியது. ஷைனி லைப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். நானும் ஏறினேன்.

குழாயடியில் முதலில் வாசனை வந்தது, எரிந்துபோன அடுப்பில் தண்ணீர் ஊற்றின மாதிரி. உடைந்த குழாயிலிருந்து சாம்பல் கஞ்சியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீரா தரையா என்று பிரிக்க முடியாத சாம்பல் பரப்பு. ஒரு பறவை இல்லை. நடுவில், மேலே தூக்கிய ஒரு கையும், கொஞ்சம் முகமும். முகமும் சாம்பல் நிறம்தான். கண் திறந்து மூடியதால்தான் அது முகமென்று தெரிந்தது.

தண்ணீர் அவன் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சின்ன அலைக்கும் வாய்க்குள் போனது. அவன் துப்பவில்லை, விழுங்கினான். துப்ப அவனிடம் பலமில்லை.

கதவைச் சேற்றின்மேல் மிதக்கவிட்டு அதில் குப்புறப் படுத்து முதலில் போனவன் எத்திராஜ். வெள்ளைச் சட்டையோடு. ஒருத்தரும் அவனைப் போகச் சொல்லவில்லை. வெற்றியின் தலையைத் தன் நெஞ்சில் தாங்கித் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டான். "பேசாத. பேசாத மாமு. தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெற்றி அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் எதையும் நான் காணவில்லை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற பார்வை அது, அவ்வளவுதான்.

"கையப் புடிச்சு இழுக்காதீங்க, தோள்பட்ட கழண்டுரும்" என்று ஷைனி கத்தினாள். கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றச் சொன்னாள். போட்டில் தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டார் இருந்தது. ஆறுமுகநயினார் அதன் குழாயை அவன் தொடையோரம் சேற்றுக்குள் செருகித் தண்ணீரைப் பாய்ச்சினார். சேறு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விட்டது. இழுத்துக் கதவின்மேல் போட்டபோது வெற்றியின் இரண்டு காலிலும் சாம்பல் ஒரு சாண் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அவனோடு போட்டு திரும்பியதும் கரையில் சனம் விசில் அடித்தது. அம்மு மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியின் பின்பக்கம் ஷைனிக்கு இடம் வேண்டும் என்று அம்முவை என் பக்கத்தில் உட்காரவைத்தோம். வழி முழுக்க அவள் கேட்டது ஒன்றுதான். "அவரு ஏன்ணா அங்க போனாரு? பாலத்தடின்னுதானே சொன்னாரு. எங்கிட்ட ஏன்ணா பொய் சொன்னாரு?"

சைரன் சத்தத்தில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

பெரியாஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு ஷைனி என்னை ஓரமாக இழுத்தாள். கையுறையைக் கழற்றக்கூட இல்லை. "அண்ணே, ஆக்சிஜன் மாஸ்க்க தள்ளித் தள்ளி விட்டுட்டு ஒண்ணே சொல்லிட்டிருந்தாரு. எனக்கு ஒண்ணும் மனசிலாவல. 'சம்மந்தி வூட்டுக்கு ஏறா ஆக்கணும்னான், குடுத்தேன். அவனோட அடுத்த பாலத்தடி எனக்கு. அம்முக்குத் தெரியாது.' அப்படின்னா என்னது?"

சொன்னேன். சம்மந்தி வீட்டு விருந்துக்கு இறால் வேண்டுமென்று எத்திராஜ் வெற்றியின் பாலத்தடியில் விடிவதற்குள் பிடித்து முடித்திருப்பான், வெற்றி அவன் குழாயடியில் இறங்கியிருப்பான். அவள் சுவரில் சாய்ந்தாள். "அப்போ அவரு திருடப் போகல."

"இல்ல."

"நாம சொல்லலாமே."

நான் நர்மதாவுக்குப் போட்டேன். அவள் வேலை முடிந்து பஸ்ஸில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அந்த ஆளு எங்கிட்ட 'குழாயடி'ன்னு ஒரே வார்த்ததான் சொன்னாருணா. எதுக்கு மாத்தினாங்க, யாரு கேட்டு மாத்தினாங்க, ஒண்ணும் சொல்லல. நான் சத்தியம் பண்ணேன். நான் இப்ப சொன்னேன்னு வைங்க. அடுத்த தடவ எவனாவது மாட்டுவான். அப்பவும் நான் போன எல்லார் காதுலயும் குடுக்கச் சொல்லுவேன். எல்லாரும் இல்லம்பாங்க. தெரிஞ்சவனும் இல்லம்பான். மாட்டின ஆளு சாவான்."

"இந்த ஆளு?"

"பொழைப்பாரு. பொழைச்சு அவரே சொல்லட்டும். அது அவரு வாய்."

வெற்றி பிழைக்கவில்லை. காலில் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் போன சாம்பல் தண்ணீர்தான். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். வாயில் குழாய் செருகியிருந்ததால் அம்முவிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

சாவுக்கு நானும் ஷைனியும் போனோம். எத்திராஜ் பாடையின் முன்பக்கம் பிடித்திருந்தான். ஊர்ச் சாப்பாடு, பந்தல், குடத்துத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓடினான். அவ்வளவு வேலை செய்கிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். காரியம் முடிந்து குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். ஆறுமுகநயினார் கொடியவர் இல்லை. குரல் தாழ்த்தித்தான் சொன்னாராம். செத்தவனைப் பேசக் கூடாதுதான், ஆனால் அடுத்தவன் பாட்டில் இறங்கினது இறங்கினதுதான், இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு எல்லாரும் இறங்குவான். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு ஆள் வைத்துப் பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்கம் உண்டு. அம்முவுக்கு அது இந்த வருசம் கிடையாது. எத்திராஜ் அந்தக் கூட்டத்தில் இருந்தான். "பாவம், கொஞ்சம் பார்த்து செய்ங்க நைனா" என்றானாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மு இப்போது காசிமேட்டில் ஏறா உரிக்கிறாள். பார்த்தால் பேசுவாள். "திருடன் பொண்டாட்டின்னு யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்றதில்லணா" என்றாள் ஒரு தடவை. "என் கூடைய மட்டும் தள்ளி வைக்கிறாங்க."

அதைக் கேட்ட பிறகு நான் குப்பத்துக்குப் போனேன். எத்திராஜ் வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூல் எடுத்துப் போட்டான். டீ சொன்னான். பேரன் பிறந்திருக்கிறான் என்றான்.

"வெற்றி வண்டில பேசிகினே வந்தான்" என்றேன்.

ஊசி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. "நான் சொன்னதாலதான் அவன ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனீங்க" என்றான், குரலை உயர்த்தாமல். "நான் வாய மூடிகினு இருந்தா அங்கயே அமுங்கியிருப்பான். அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுச்சு. பண்ணுச்சா இல்லியா?"

"பண்ணுச்சு."

"பொண்ணு மாசமா இருந்தா. சம்மந்தி வூட்டாளுங்க வர்றாங்க. ஒரு வருசம் பாடு போனா நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. எனக்கு மட்டும் வயிறு இல்லியா?"

"எல்லாரும் தூணச் சுத்தித் தேடறப்ப நீதான் கையக் காட்டிகினு இருந்த."

உள்ளேயிருந்து கைக்குழந்தை அழுதது. யாரோ தாலாட்டினார்கள். டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

"அடுத்த பாலத்தடி உனக்கு எப்ப வருது?" என்றேன்.

"வந்து போச்சு" என்றான். "அவன் காரியத்துக்கு அப்புறம் ஒருக்கா. போன அமாவாசைக்கு ஒருக்கா."

"யாரு எறங்கினது?"

வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாந்தான்."

நர்மதா இன்றைக்கும் வடக்கு போன்களை எடுக்கிறாள். குப்பத்தில் எது நடந்தாலும் முதலில் அவளைத்தான் கேட்கிறார்கள், தேசப்பன் பொண்ணு லைன்ல இருக்குதா என்று. நம்பிச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையில் அதற்குப் பிறகு ஆள்கள் பிழைத்திருக்கிறார்கள். நானே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அதனால் அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை, ஷைனியும் பேசுவதில்லை.

வெற்றி தன் பாலத்தடிப் பாட்டை எத்திராஜுக்குக் கொடுத்தான். பதிலுக்கு எத்திராஜ் ஒரு பாலத்தடிப் பாடு தரவேண்டும். வெற்றி இல்லாததால் அம்முவுக்குத் தரவேண்டும். அவள் புருசன் திருடவில்லை என்று அதே கரையில் நின்று சொல்லவும் வேண்டும். இரண்டையும் அவன் இன்னும் தரவில்லை.